கல்லொட்டிக்கு வைத்த கீரைத்தண்டு

ஒரு பெண்ணைப் பார்த்து யாராவது "தெய்வப் பிறவி" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் அப்பாவின் தங்கையை எங்கள் மாதா கோயில் பங்குச் சனம் முழுவதும் அப்படித்தான் சொன்னது. சொல்லிச் சொல்லியே அவளைக் கொன்றார்கள். அப்பா இருந்தவரை இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் போய்விட்டார், எனக்கும் வயதாகிவிட்டது, இனி யாருக்கு நான் பயப்பட வேண்டும்?

மயிலாப்பூரில் கடல் பக்கமாக, கோயில் மணி காதில் விழும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா பங்குப் பள்ளியில் வாத்தியார். அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் டீச்சர். நானும் என் இரண்டு தம்பிகளும் காலையில் அவர்களோடு கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவோம். மதியச் சோறு தூக்குப் பாத்திரத்தில் கூடவே வந்துவிடும். பகல் முழுக்க வீட்டில் இருந்தது அத்தை மட்டும். அவள் மடத்தில் சேர்ந்து, நெஞ்சு பலமில்லை, உடம்பு தாங்காது என்று அவர்களாலேயே திருப்பி அனுப்பப்பட்டவள். வந்த நாளிலிருந்து சமையலறை அவள் பொறுப்பு. அரிசி அளப்பது, வடிப்பது, பரிமாறுவது எல்லாம் அவள்தான். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக்கூட யாரிடமோ உத்தரவு கேட்பவள்போல ஒதுங்கி நின்று குடிப்பாள். அது எனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்காது.

மீன் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஜப்பான்காரன் புண்ணியத்தில். கடல் வழியாக வந்து குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம். அடையாற்றில் பங்களா வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் குடும்பத்தோடு பெங்களூர் கிளம்பினார். அப்பாவின் பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னால் எதுவும் நடக்கும். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியைக் கட்டை வண்டியில் ஏற்றி, வைக்கோல் வைத்து, எங்கள் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

"வாத்தியாரே, உங்களை நம்பித்தான் இதை விட்டுட்டுப் போறேன்" என்றார்.

அவ்வளவுதான். அப்பாவுக்குத் தலைமை ஆசிரியர் நாற்காலியே அந்தத் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆகிவிட்டது. தொட்டியில் தங்க மீன்கள் இருந்தன. கொழுகொழுவென்று, எந்நேரமும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, ஆள் பக்கத்தில் போனால் மேலே ஓடி வரும். அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல் நிறத்திலேயே ஒரே ஒரு மீன் கிடந்தது. குற்றாலத்து ஓடையிலிருந்து அவர் கொண்டுவந்தது. வாய் அதற்கு முகத்தில் இல்லை, தாடைக்கு அடியில் இருந்தது. அந்த வாயால் கல்லைக் கவ்விக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். கல்லொட்டி என்று பெயர் சொன்னார்.

"மேல இருக்கறதுக்கு மட்டும் வேளாவேளைக்குத் தீனி போட்டாப் போதும். அடியில இருக்கறதுக்கு ஒண்ணும் போட வேண்டாம். மிச்சம் மீதி விழறதையும் பாசியையும் தின்னு அது பாட்டுக்கு இருந்துக்கும்."

அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காலையிலும் மாலையிலும் தங்க மீன்களுக்குச் சென்னாக்கூனிப் பொடி தூவுவார். எறாலிலேயே பொடிசாக இருக்குமே அதைக் காயவைத்து இடித்தது, குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கொண்டுவந்து தருவார். தூவியது தண்ணீரைத் தொடுவதற்குள் தங்க மீன்கள் உறிஞ்சிவிடும். ஒரு துணுக்குகூட அடிக்குப் போகாது. பாசியைத் தின்னட்டும் என்றால், அதற்கும் வழியில்லாமல் செய்தவர் அப்பாவேதான். சனிக்கிழமை வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து, கண்ணாடியையும் கல்லையும் பளபளவென்று தேய்த்துவிடுவார். பெரிய மனிதர் எந்த நேரத்தில் ஊருக்கு வந்து எட்டிப் பார்ப்பாரோ என்ற பயம்.

"சுவர்ப் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் விட்டுடுங்கண்ணே. அங்க யாரும் பாக்கப் போறதில்ல" என்று அத்தை ஒரு தரம் மெல்லச் சொன்னாள்.

"பாசி புடிச்ச தொட்டி வச்சிருக்கான்னு பேர் வாங்கவா?"

அண்ணன் ஒரு தரம் சொன்னால் அத்தைக்கு அதுதான் முடிவு.

பட்டணத்தில் குண்டு பயம் தணிந்து, ஓடினவர்கள் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். பெரிய மனிதர் வரவில்லை. அதற்குப் பதிலாக அரிசிப் பஞ்சம் வந்தது. பிறகு ரேஷன். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த அந்த அரிசியை நினைத்தால் இப்போதும் நாக்கில் மண் கரிக்கும். கல்லும் உமியும் புழுவுமாக, ஒரு பழைய சாக்கு நாற்றம். அதுவும் பற்றாது. பெரிய தம்பிக்கு அப்போது வளர்கிற வயது. ஒருநாள் சாயங்காலம் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று ஓவென்று அழுதான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டுத் தானும் அழுதாள். அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ராச்சாப்பாட்டுக்குத் தட்டு போட்டபோது அத்தை உட்காரவில்லை.

"எனக்கு இன்னைக்கு ஒருசந்தி, அண்ணி. மத்தியானமே சாப்பிட்டுட்டேன்."

எங்கள் வேதக்காரர் வீடுகளில் இது புதிதில்லை. ஒருசந்தி என்றால் பகலில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மற்ற நேரம் ஆண்டவருக்காகப் பசித்திருப்பது. தவக்காலத்தில் பெரியவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அத்தை முதலில் வெள்ளிக்கிழமை இருந்தாள். பிறகு புதனும் சேர்ந்தது. பிறகு சண்டை முடிந்து உலகம் சமாதானமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லி, ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒருசந்தி ஆகிவிட்டது. அவள் தட்டுச் சோறு எங்கள் தட்டுக்கு வந்தது. தம்பி அழுவதை நிறுத்தினான். அப்பாவுக்கு ஒரே பெருமை. மடம் வேண்டாம் என்று தள்ளிய தங்கை வீட்டிலேயே கன்னியாஸ்திரியாக இருக்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கோயிலில் சாமியார் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "நம் பங்கிலே ஒரு சகோதரி" என்று ஆரம்பித்தார். எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அத்தை முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஆசைப்பட்டிருந்தாலும் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்திருக்க முடியுமா, சொல்லுங்கள். பங்கே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் இரண்டும் உப்பிப்போய்ப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். பகலில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

எல்லாரும் போனதும் அத்தை கிணற்றடிக்குப் போனாள். அங்கே வெயில் படும் மூலையில் ஓர் உடைந்த மண்சட்டி, நிறையத் தண்ணீர். அதற்குள் கூழாங்கற்கள். கற்களின்மேல் வெல்வெட்டு மாதிரிப் பச்சைப் பாசி. அதிலிருந்து நன்றாகப் பாசி பிடித்த கல்லாகப் பார்த்து எடுத்து, முந்தானையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்ன அத்தை அது?"

"உங்கப்பா தேச்சு எடுத்துடறாரில்ல. அது பட்டினி கெடக்குது. இங்க வந்து பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். கல்லொட்டி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அதன் அடிவயிறு தெரிந்தது. உள்ளே ஒடுங்கிப் போயிருந்தது. தலை மட்டும் பெரிதாக, உடம்பு வற்றலாக இருந்தது.

"கண்ணாடியைத்தான் நக்குது. அதுல ஒண்ணுமில்ல" என்றாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். அதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் தொட்டியின் வாசல் பக்கத்து ஓரத்தில் ஒரு சிட்டிகை கூனிப்பொடி. தங்க மீன்கள் எல்லாம் அங்கே பாய்ந்தன. அவை தின்றுகொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் கண்ணாடிமேல் ஒரு ஈரத்துண்டைத் தொங்கவிட்டு இருட்டாக்கினாள். கையை மெல்ல உள்ளே விட்டு, அப்பா தேய்த்து வைத்த வழுக்கைக் கல்லை எடுத்துவிட்டு, பாசிக் கல்லை அதே இடத்தில் வைத்தாள். குழைய வேகவைத்த கீரைத்தண்டு ஒன்றை அந்தக் கல்லுக்கு அடியில் செருகினாள், மிதக்காமல் இருக்க. கடைசியாக ஒரு செம்புக் கிணற்றுத் தண்ணீரை உயரத்திலிருந்து சன்னமாக விட்டாள்.

"ஓடை மீனு. ஓடற சத்தம் கேட்டாத்தான் பயம் தெளிஞ்சு வரும்."

துண்டைத் தூக்கிக் காட்டினாள். கல்லொட்டி கல்லை விட்டு நகர்ந்து வந்து தண்டின்மேல் வாயை வைத்து ராவ ஆரம்பித்தது. அத்தை குந்தி உட்கார்ந்து அது தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பூசையில்கூடப் பார்த்ததில்லை.

"உனக்கு எப்படி அத்தை இதெல்லாம் தெரியும்?"

"தெரியாது. பாத்துப் பாத்துத்தான். மொதல்ல வெள்ளரிக்கா வச்சேன், தொடல."

எனக்குக் கஞ்சி கொடுத்தாள். வாயைத் திறக்க முடியாமல் நான் முனக, ஸ்பூனால் ஊட்டினாள். சமையலறைக்குப் போய்த் தன் தட்டை எடுத்தாள். கொல்லைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் விட்டு அலம்பி, ஈரத்தோடு கொண்டுவந்து அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அதில் அவள் எதுவும் போட்டுச் சாப்பிடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நீ சாப்பிடலியே, ஏன் தட்டைக் கழுவற?"

அத்தை என் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "அப்பறமா சாப்பிடுவேன். நீ தூங்கு" என்றாள். தூங்காமல் படுத்திருந்தேன். கீரைத்தண்டு வெந்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்தாள். அதுதான் அவள் மத்தியானச் சாப்பாடு. அப்புறம் முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் ராச்சாப்பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்கினாள்.

மத்தியானம் சாப்பிட்டதாக எங்களிடம் சொன்னாள். சாயங்காலம் ஒருசந்தி என்றாள். ஆக, இரண்டு வேளையும் இல்லை. அப்பா செபமாலை முடித்து எழுந்ததும் போய்ச் சொன்னேன்.

"அத்தை மத்தியானமும் சாப்பிடறதில்லப்பா. வெறும் தட்டைக் கழுவி வைக்குது."

அப்பா அத்தையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அது ஆண்டவருக்கு நேர்ந்துகிட்டது. அதுல நாம வாய் வைக்கக் கூடாது. பாவம் வந்து சேரும்."

அம்மா மட்டும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அத்தையிடம் போனாள். "ஒரு வாய் சாப்பிடு, நான் சொல்றேன்" என்று அத்தையின் கையைப் பிடித்தாள்.

"நேர்ச்சையைக் கெடுத்துடாதீங்க அண்ணி" என்று அத்தை சிரித்தாள். பல்லும் கண்ணும்தான் முகமாக இருந்தது. அம்மா கையை விட்டுவிட்டாள். அம்மாவையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று. அவள் எழுந்தாவது போனாள்.

மீன்காரம்மா ஒருத்திதான் பட்டென்று கேட்டார். கூனிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்தையை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, உடம்புல ஒண்ணுமே இல்லாம கீது? வூட்ல சோறு போடறாங்களா இல்லியா?" என்றார். அத்தை பதறிப்போய், "சத்தமாப் பேசாதீங்க, ஒருசந்தி" என்றாள். "அதான் தெனிக்கும் சொல்லிக்கினு கீறே" என்றார் அவர், கூடையைத் தூக்கிக்கொண்டே.

தவக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்துபோன காட்சிகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று செபிப்பது. கூட்டம் ஒவ்வொரு தலமாக நகர்ந்து, முட்டி போட்டு, எழுந்து, மறுபடி முட்டி போட்டுப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் எழுந்தபோது அத்தை எழவில்லை. முட்டி போட்டபடியே முன்னால் சாய்ந்து, நெற்றி தரையில் பட, அப்படியே கிடந்தாள். கை குவிந்திருந்தது.

யாரும் தொடவில்லை. ஆண்டவரே அவளிடம் பேசுகிறார் என்று நினைத்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண் "பரவசம், பரவசம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக மறுபடி முட்டி போட்டார்கள். அப்பாவும் போட்டார். அப்பா கண்ணில் தண்ணீர். நான் "அத்தை, அத்தை" என்று அழுகிறேன், யாரோ என் வாயைப் பொத்துகிறார்கள்.

குப்பத்துப் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அந்த மீன்காரம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னா பாத்துக்கினு கீறீங்க? மயக்கம் போட்டுக் கெடக்குது. தூக்குங்க."

அவரே தூக்கினார். தூக்குவதற்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை.

ரிக்‌ஷா பிடித்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ரவிக்கையைத் தளர்த்தி நெஞ்சில் குழல் வைத்தார். விலா எலும்புகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"என்ன சாப்பிடுவாங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அதற்குப் பதில் தெரிந்தது எனக்கு மட்டும்தான். வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"என் தங்கச்சி ஒருசந்தி இருக்குதுங்க. சமாதானத்துக்காக நேர்ந்துகிட்டது."

"இது ஒருசந்தி இல்லீங்க. பட்டினி" என்றார் டாக்டர். குரலில் கோபம்கூட இல்லை.

சளி கட்டிக் காய்ச்சல் ஏறியிருந்தது. கஞ்சி கொடுத்தார்கள், பால் கொடுத்தார்கள். உள்ளே போனது எல்லாம் வெளியே வந்தது. குடல் வாங்க மறந்துபோயிருந்தது. நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தபோது அத்தை என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"கல்லை மாத்தினியாடி?"

"மாத்தினேன். தண்டும் வச்சேன்."

தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல என்னை இன்னும் பக்கத்தில் இழுத்துச் சொன்னாள்.

"பசிக்குதுடி."

அந்த வார்த்தையை அதற்கு முன்னால் அவள் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அம்மா பால் டம்ளரோடு வந்தாள். ஒரு வாய் உள்ளே போனது. அதுவும் தங்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம். பிரசங்கத்தில் மறுபடி தியாகம், பலி, தெய்வப் பிறவி. அப்பா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி மூடுவதற்குமுன் அவள் கையில் சுற்றியிருந்த செபமாலையைப் பிரசாதம் மாதிரி ஆளுக்கு ஆள் தொட்டு முத்தமிட்டார்கள். எனக்கு அத்தனை பேரையும் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

துக்கம் கேட்கவென்று அடையாற்றுப் பெரிய மனிதரும் வந்தார். பெங்களூரிலிருந்து திரும்பிவிட்டாராம். வந்த கையோடு தொட்டியையும் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைச் சுண்டிப் பார்த்து, கல்லொட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, "அட, இதுவும் நல்லாக் கொழுத்துப் போயிருக்கே" என்றார்.

"ஒண்ணுகூடச் சாகலைங்க" என்றார் அப்பா.

அம்மா எழுந்து உள்ளே போனாள். ஆட்கள் வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பா நேர்மையான மனிதர். செத்தவள் பேரில் ஒரு மணி அரிசி வாங்குவதும் திருட்டு என்று, தானே போய் ரேஷன் கார்டில் அத்தையின் பெயரை அடித்துவிட்டு வந்தார். சமையல் இப்போது அம்மா தலையில். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வடித்து வைத்துவிட்டு ஓடுவாள். அந்த வார அரிசி வாரக் கடைசி வரை வரவில்லை. தவலையைக் கவிழ்த்துத் தட்டி, இருந்ததைப் போட்டு ஒரு சாயங்காலம் வடித்தாள்.

"எப்படிப் பத்தாமப் போகும்?" என்றார் அப்பா, சாப்பிட உட்கார்ந்துகொண்டே. "ஆள் ஒண்ணு குறைஞ்சுது, அரிசியும் அந்த ஒரு ஆளுக்குத்தானே குறைஞ்சிருக்கு."

அம்மா பரிமாறினாள். அப்பாவுக்கு, தம்பிகளுக்கு, எனக்கு. எப்போதும் எங்கள் தட்டுக்கு வரும் அளவுதான் வைத்தாள், குறைத்து வைக்கவில்லை. கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டியது. அவள் தட்டுக்கு ஒன்றும் இல்லை. அவள் சட்டியைச் சாய்த்து எங்களுக்குக் காட்டினாள். அத்தையின் பங்கை இத்தனை காலம் நாங்கள்தான் தின்றிருக்கிறோம், ராச்சாப்பாட்டை மட்டுமல்ல, முழுதையும், என்று எனக்கு அப்போது விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். முகம் செத்துப்போயிற்று.

அம்மா குரலை உயர்த்தவில்லை. காய்கறிக் கணக்குக் கேட்பவள்போலத்தான் கேட்டாள்.

"சொல்லுங்க. இனிமே இந்த வீட்ல யார் ஒருசந்தி இருக்கறது?"

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. வாய்க்கும் கொண்டுபோகவில்லை.